முள்ளிமுனைப் பக்கம்

விதிகள் பதினொன்று.
படகுத் துறையில் நின்று
செயலாளர் பிரிட்டோ வாசித்தார்:
ஆளுக்கு ஒரு தூண்டில், வத்தைக்கு இருவர்,
உயிர் இரை கூடாது,
ஒரு முழத்துக்குக் குறைந்த கொடுவாவைத் திரும்ப விட வேண்டும்,
பன்னிரண்டு மணிக்கு மேல் வரும் மீன்
மீனே இல்லை.
பன்னிரண்டாவது விதியை யாரும் வாசிப்பதில்லை.

மாசியில் ஒரு சாயங்காலம்
சீனி நைனா என்னை அங்கே கூட்டிப்போனான்.
தொண்டியில் போன் கடை வைத்திருப்பவன்,
வத்தையில் கால் வைத்ததும் சொன்ன முதல் வார்த்தை
"போனை அணை."
அணைத்தேன்.
கண்ணை எப்படி அணைப்பது?
காரங்காட்டு மாதா கோயில் சிலுவை
ஒற்றைப் பனைக்கு இடப்பக்கம் ஒரு விரல் தள்ளி நின்றது.
தெற்கே செல்போன் கோபுரம்
அலையாத்திப் புதரின் உச்சியில் முளைத்திருந்தது.
இரண்டு கோடும் வெட்டும் இடத்தில், கீழே,
ஏதோ ஒரு புயலில் முங்கிய வள்ளத்தின் விலா.
நான் பார்க்கவில்லை.
பார்க்காமலிருக்க அவ்வளவு பாடுபட்டதால்
இன்னும் அழியவில்லை.

அன்றைக்கு ஏறியது ஆறரைக் கிலோ.
எங்கே என்று கேட்டவர்களிடம்
"முள்ளிமுனைப் பக்கம்" என்றான்.
நானும் முள்ளிமுனை என்றேன்.
கேட்டவர்களும் தலையாட்டினார்கள்.
ஒருவர்கூட முள்ளிமுனைக்குப் போகவில்லை.

போட்டியன்று சீட்டுக் குலுக்கலில்
அவன் வேறு வத்தை.
எனக்கு வாய்த்தவர் ராமநாதபுரம் கருவூலத்தில் வேலைபார்க்கும்
திருமேனிநாதன். வெயிலுக்குத் துண்டு, தண்ணீருக்கு மூன்று பாட்டில்.
"அண்ணே, இந்தப் பக்கம் ஒங்களுக்கு அத்துபடியாமே?"
சிலுவை பனையை நெருங்குவதைக் கண்டதும்
கம்பை மாற்றி ஊன்றினேன்.
"அங்க சகதி."

நாலு மணி நேரம்
முகத்துவாரத்தில் கெளுத்தி, மறுபடி கெளுத்தி.
ஒன்றின் முள் ஏறி விரல் வீங்கியது.
நைனா இந்நேரம் இரண்டாவது கொடுவாவைத் தூக்கியிருப்பான்
என்று நினைக்க நினைக்க எரிந்தது,
விரலைச் சொல்லவில்லை.

தராசடியில் பார்த்தேன்.
அவன் கூடையில் நாலு கிழங்கான்.
என் விரலைப் பார்த்தான்.
"நீ போகலியா?"
"ஒன் எடமில்ல. நீ?"
"ஒனக்குக் காட்டுனது. காட்டிட்டு நானே போயி நிக்கிறதா?"
இருவரும் விட்டுக்கொடுத்ததில்
அந்த விலாவுக்குள் ஒரு மீன்
நாள் முழுக்க நிழலில் கிடந்திருக்கும்.

முதல் பரிசு சோளியக்குடியிலிருந்து வந்த ஒரு பையனுக்கு.
வத்தை கட்டிய கயிற்றைக்கூட அவிழ்க்காமல்
இதே துறையின் தூணடியில் பிடித்தானாம்.
யாரும் கேட்காமலே சொன்னான்,
கைகாட்டி, எத்தனையாவது தூண் என்பதுவரை.
சபையில் கெட்ட வார்த்தை விழுந்ததுபோல்
பெரியவர்கள் தண்ணீரைப் பார்த்தார்கள்.

கலையும் நேரத்தில்
திருமேனிநாதன் தோளருகே வந்தார்.
"அண்ணே, காலைல சகதின்னீங்களே,
அது சரியா எந்த எடம்?"
அவர் கையில் போன் வெளிச்சமாக இருந்தது.
நான் அணைக்கச் சொல்லவே இல்லை.
நைனாவைப் பார்த்தேன்.
நைனா கிழங்கானை எண்ணிக்கொண்டிருந்தான்,
நாலையும் முதலிலிருந்து.

"முள்ளிமுனைப் பக்கம்" என்றேன்.