அறை ஒலி

படத்தின் மொத்தச் செலவு முந்நூற்று எண்பத்தாறு வெள்ளி.
ஷி யிங் எழுதிய கணக்கில்
பேட்டரி, டாக்சி, முகப்பவுடர், இருபது பொட்டலம் நாசி லெமாக்.
கடைசி வரி: மீன், நாற்பத்திரண்டு வெள்ளி.

மீனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹவ்காங்கில் ஹைக்கலின் சின்னம்மா வீடு,
ஒன்பதாம் மாடி.
அவர் ஜொகூருக்குப் போன சனி ஞாயிறு மட்டும்
எங்களுக்கு.
பத்தொன்பது வயது கிர்த்திகன் தலையில் பவுடரைக் கொட்டி
ஐம்பத்து மூன்று வயதுப் பேருந்து ஓட்டுநர் ஆக்கினோம்.
இரவுப்பணி முடிந்து வருபவர்
மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும்.
லோஷினி பதினேழு முறை திருத்தி எழுதினாள்.
பதினேழிலும் அவர் பேசவில்லை.
மகள் வேடத்துக்கு ஆள் கிடைக்காமல்
மூடிய கதவு ஒன்று மகளாக நடித்தது.
சம்பளம் கேட்காத நடிகை.

நான் ஒலி.
துடைப்பக் கம்பின் நுனியில் மைக்கைக் கட்டி
கை நடுங்க, படத்துக்கு வெளியே நிற்பவன்.
மற்றவர்கள் முகம் பார்க்க
நான் காதால் அந்த வீட்டைப் பார்த்தேன்.
பாய லேபாரிலிருந்து கிளம்பும் போர் விமானம்,
மேல்வீட்டில் உருளும் கோலிக்குண்டு,
கீழே காராங் குனிக்காரரின் ஊதுகுழல்,
அப்புறம் அந்தக் குயில்.
தமிழ் இரண்டாயிரம் வருடம் தலையில் வைத்துக் கொண்டாடிய குயிலை
நான் மனதார வைதேன்.
ஆறு டேக் அதற்குப் பலி.

ஏழாவதில் கிர்த்திகன் அழுதான், நிஜமாகவே.
ஹைக்கல் பொத்தானை அழுத்தியிருக்கவில்லை.

லோஷினி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.
கையிலிருந்த கடைசிப் பக்கத்தை நாலாய் மடித்துப்
பையில் வைத்துக்கொண்டு
"பரவால்ல" என்றாள்,
அவனுக்குப் புரியாத தமிழில்.
அதன்பின் இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள்,
இரண்டடி இடைவெளியில் நின்றுகொண்டு.
விளக்கை நகர்த்தச் சொல்.
நகர்த்தியாச்சுன்னு சொல்.

ஞாயிறு இரவு பத்தரை. மிச்சமிருந்தது அறை ஒலி.
யாரும் இல்லாதபோது ஓர் அறைக்கு இருக்கும் சத்தம்,
வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட.
நாற்பது விநாடி, யாரும் அசையக்கூடாது என்றேன்.
இரண்டு நாளில் முதல்முறையாக
எல்லோரும் என் சொல் கேட்டார்கள்.

விசிறி நின்றது.
குளிர்ப்பெட்டியைக் காலையிலேயே அணைத்திருந்தோம்.
மறுபடி போட மறக்காமலிருக்க
ஹைக்கல் தன் வீட்டுச் சாவியை அதற்குள் வைத்திருந்தான்.
சாவி அங்கே எதற்கு என்று எடுத்து
அவன் பையில் போட்டவள் ஷி யிங், உதவியாக.
மீன் கதை இவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டேன்.
ஹெட்போனில் கிர்த்திகனின் மூக்கடைப்பு.
யாருடைய வயிறோ இரைந்தது.
எங்கோ லிஃப்ட் நின்று, திறந்து, மூடியது.
முப்பத்திரண்டாவது விநாடியில்
நாலாய் மடித்த தாள் ஒன்று
மெல்ல, மிக மெல்ல, விரியும் சத்தம்.
யார் பிரித்தது, யார் கைக்குப் போனது, தெரியாது.
நாற்பது விநாடிக்கு முன் கண் திறப்பது
என் தொழிலுக்கு அழகில்லை.

திரையிட்ட அன்று விரிவுரைக்கூடத்தில் இருபத்தேழு பேர்.
விளக்கு வந்ததும் ஆசிரியர் சொன்னார்:
நடிப்பு சுமார். நீளம் அதிகம்.
ஆனால் அந்த மூடிய கதவுக் காட்சியில்
உள்ளே மகள் விழித்திருப்பதாக
ஒரு தாள் சரசரப்பு வைத்தீர்களே,
அது யாருடைய யோசனை?

ஹைக்கல் லோஷினியைப் பார்த்தான்.
லோஷினி தரையைப் பார்த்தாள்.
ஷி யிங் நோட்டில் எதையோ கூட்டிக் கழித்தாள்.
"எல்லாரும் சேர்ந்துதான்" என்றேன்.

மீனில் என் பங்கு எட்டு வெள்ளி நாற்பது காசு.
இன்னும் கொடுக்கவில்லை.