எனக்குரிய செவ்வாய்

பதினைந்து நாளுக்கு ஒரு செவ்வாய்
எனக்கென்று எழுதித் தந்திருக்கிறார்கள்,
நிலக்கீழ் அறையின் திறப்போடு:
காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை.
புர்க்டோர்ஃப் நகரத்தில் எனக்குச் சொந்தம்
இந்தப் பதினாலு மணித்தியாலம்தான்.

உலர்த்தி இருபதாவது நிமிடத்தில் நின்றுவிடுகிறது.
முடிந்தது என்று பச்சை விளக்கும் போடுகிறது.
கதவைத் திறந்தால்
துவாய்கள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்தபடி
ஈரமாய்க் கனக்கின்றன.
இவ்வளவு துணிந்து பொய் சொல்லும் இயந்திரத்தை
நான் முன்பு கண்டதில்லை.

சுவரில் லூத்தி அம்மாவின் கடதாசி.
நாலு மூலையும் டேப் ஒட்டி,
இருமுறை அடிக்கோடிட்டு:
பாவித்தபின் பஞ்சுவடியைத் துப்புரவாக்கவும்.
பெயர் போடவில்லை.
பெயரில்லாத கடதாசி எந்தக் கதவைப் பார்க்கும் என்று
இரண்டாம் மாடி இடப்பக்கத்துக்குத் தெரியும்.

நான் துப்புரவாக்குகிறவள்.
வடியை இழுத்து, ஒரு மூலையில் விரல் வைத்து உருட்டினால்
கல்லிலிருந்து கிளம்பும் தோசை ஓரம்போல்
பஞ்சு முழுதாய் உரிந்துவரும்.
இன்று வந்தது வழக்குக்கு ஆதாரம் தேடி.
கையில் டோர்ச், பழைய பற்தூரிகை.

பிளக்கைக் கழற்றினேன்.
தண்ணீர்த் தட்டு காலி.
கீழ் மூடி ஐந்து ராப்பன் காசுக்கு வாய் திறந்தது.
இரண்டு நீலப் பிடிகளைத் திருப்பி
கண்டென்சரை வெளியே இழுத்தேன்;
வேலையிடத்துப் பாண்தட்டைப்போல் கனம்.
தகடுகளுக்கு நடுவே
சுருண்டு விறைத்த வெள்ளை மயிர்.
பெப்பி!
லூத்தி அம்மாவின் மடியில் லிஃப்டேறும் பெப்பி,
கிழமைக்கொருமுறை கம்பளி தோய்க்கப்படும் பெப்பி.
தனியே நின்று சத்தமாய்ச் சிரித்தேன்.
ஒரு கொத்தை உறையிலிட்டேன்,
பதில் கடதாசியில் ஒட்ட.

தொட்டியில் வைத்து நீர் பீச்சினேன்.
மயிர் போனது.
பின்னால் வந்தது கொஸ்டா வீட்டுப் பச்சை,
உதைபந்துக் கழுத்துத்துணியின் பச்சை.
அதன் பின்னால் ஏப்ரனின் மாவெள்ளை.
கடைசியாய்
மினுங்கிக்கொண்டு ஒரு சரிகை இழை,
என்னுடையதல்ல என்று சொல்ல
வேறு ஆளில்லாத கட்டடத்தில்.

பூட்டினேன். ஓடவிட்டேன்.
இருபதாவது நிமிடம், பச்சை விளக்கு.

பிறகு தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
உருளையின் வாயோரம் இரண்டு உலோகப் பட்டைகள்;
ஈரம் அறிவது இவைதானாம்.
தொட்டேன். வழுக்கியது.
முகர்ந்தேன்.
லவண்டர்.

ஒரு மூடி ஊற்றச் சொல்கிறது போத்தல்.
நான் இரண்டு ஊற்றுகிறவள்.
மீன் பொரித்த நாளில் மூன்று.
அபிதாரணியின் பள்ளிச் சட்டை படி இறங்கியதும்
மேலே ஒரு யன்னல் திறக்கும் சத்தம்
எனக்கு மட்டும் கேட்கும்.
அந்த யன்னலுக்காக ஊற்றியதெல்லாம்
மெழுகாய்ப் படிந்து
இதன் தோலை மரக்க வைத்திருக்கிறது.
ஈரத்தை ஈரமென்று சொல்ல
அதற்கு வழியில்லை.

வினாகிரியில் துணி நனைத்துத் தேய்த்தேன்.
மூன்றாம் தரம் பட்டை கிறீச்சிட்டது.

இருபது.
இருபத்தொன்று.
கவிழ்த்த கூடையில் குந்தியிருந்தேன்,
பிரசவ அறைக்கு வெளியே இருப்பவள்போல.
இருபத்தாறு.
கண்ணாடி சூடாகி வந்தது.

அவருடைய கடதாசியின் கீழே பென்சிலால் எழுதினேன்:
கண்டென்சரும் கழுவப்பட்டது, பட்டைகளும்.
என் முழுப்பெயரையும் போட்டேன், குறுக்காமல்.
டொய்ச்சில் ஒரு பிழை இருக்கலாம். இருக்கட்டும்.

துவாயை முகத்தில் வைத்துப் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.
வினாகிரி, அதற்கடியில் மெல்லிசாய் வெங்காயம்.
உறை இன்னும் சட்டைப்பையில்.
கூடையை மூடாமல்
படியேறினேன்.