ஒற்றை டிக்

அரவேணுவில் ஏழு மணிக்கு மேல்
சிக்னல் கிடைப்பது தண்ணீர்த் தொட்டியடியில் மட்டும்.
மங்கி குல்லா, மடியில் லேப்டாப்.
தேயிலைக்குள் காட்டெருமை செருமினால்
மைக்கை அணைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

ஜெரால்டு தூத்துக்குடியிலிருந்து தட்டுகிறான்.
எழுத்துகள் அவனுக்கு இடம் மாறி உட்காரும்.
அரை மணி நேரத்தில் ஒரு வரி:
‘நேத்து மலை வந்துச்சு. நனஞ்சேன்.’
சிவப்புக் கோடு போடப் போனேன்.
எதிரே கோடநாட்டுச் சரிவு
மேகத்தோடு மேகமாக இறங்கி
என் ஸ்வெட்டர் வரைக்கும் வந்திருந்தது.
கோட்டைப் போட்டேன்தான், பரீட்சை இருக்கிறதே அவனுக்கு.
வரியை மட்டும் என் நோட்டில் எழுதிக்கொண்டேன்,
பிழையோடு.

மேலப்பாளையத்து மஃபீஸா காதால் வாசிப்பவள்.
என் குறிப்புகளை அவளுக்கு ஓர் இயந்திரம் படிக்கிறது.
மூன்று மாதம் பொறுத்துப் பார்த்துச் சொன்னாள்:
“மிஸ், ‘அருமை’ன்னு நீங்க எழுதுறதையும்
‘இந்தப் பத்தி வேண்டாம்’ன்னு எழுதுறதையும்
அது ஒரே குரல்லதான் சொல்லுது.
அப்புறம் ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி ஆச்சரியக்குறி.
எதுக்கு மிஸ் அத்தனை?”

பதில் சொல்வதற்குள் சிக்னல் போனது.
தொட்டி நிறைந்து வழியும் சத்தம்.
இருட்டில் உட்கார்ந்து,
எந்தக் குரலில் படித்தாலும்
பாராட்டாகவே கேட்கிற
ஒரு வாக்கியம் தேடினேன்.

‘உன் கட்டுரையில் மீன்காரர்
தராசைத் துடைத்துவிட்டு நிறுக்கும் இடத்தில்
நான் இரண்டு தடவை நின்றேன்.’

அடித்து அடித்து எழுதியது.
சிக்னல் திரும்பிய ஒன்பது நாற்பதுக்கு
அனுப்பினேன்.
ஒற்றை டிக்.
குல்லாவை இழுத்துவிட்டுப் பார்க்கிறேன்,
இன்னும் ஒற்றை டிக்.