இருமச் சொன்னார்

நான் கன்றுகளுக்குக் கொம்பு சுடுகிறவள்.
சரியாகச் சொன்னால்
சுடுவதற்கு முன்னால் மரத்துப்போக ஊசி போடுகிறவள்.
நியூசிலாந்தின் தென்கோடி, வின்டன்.
ஊரைச் சுற்றி நாற்பது பண்ணை.
செப்டம்பர் வந்தால் கைக்கு ஓய்வில்லை.

கண்ணுக்கும் கொம்புக்குருத்துக்கும் நடுவே
ஓர் எலும்பு வரம்பு ஓடும்.
அதன் அடியில் மருந்து.
பிறகு காத்திருக்க வேண்டும்.
மேல் இமை தொங்குகிறதா பார்.
ஊசிமுனையால் குருத்தோரம் குத்திப் பார்.
கன்று தலையை இழுத்தால் இன்னும் காத்திரு.
பண்ணைக்காரர் கடிகாரத்தைப் பார்ப்பார்.
பார்க்கட்டும்.

எனக்குச் சொல்லியிருந்தது:
ஒரு மணி நேரம் முன்னால் இரண்டு மாத்திரை.
சூப்பர்மார்க்கெட்டில்
பிஸ்கட்டுக்குப் பக்கத்து அடுக்கில் கிடைக்குமே, அது.

யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை.
இரண்டு பிள்ளை போதும் என்று
நானாகத்தான் போய்க் கேட்டேன்.
டாக்டர் பிரைடி நல்ல மனுஷி.
உள்ளங்கையைத் தேய்த்துச் சூடாக்கிய பிறகே தொட்டார்.
'சின்னதாக ஒரு கிள்ளல்' என்றார்.

கூரையில் யாரோ ஒரு படம் ஒட்டியிருந்தார்கள்.
நீலக் கடல். ஒரு டால்ஃபின்.
கால்களை அகட்டிப் படுத்தவர்களுக்கு மட்டும்
குதித்துக் காட்டுகிற டால்ஃபின்.

'ஒரு தடவை இருமுங்கள்.'

இருமினேன்.
அந்த இருமலின் மறைவில்
கருப்பையின் வாயில் கொக்கியை மாட்டினார்.

வயிறு இல்லை. முதுகு இல்லை.
எனக்குள் அப்படி ஓர் இடம் இருப்பதே
அதுவரை எனக்குத் தெரியாது.
அடித்தளத்திலிருந்து யாரோ தரையை இடிப்பதுபோல
இல்லை, உவமை வேண்டாம்.
வலித்தது.

உள்ளங்கால் வியர்த்தது. காதுக்குள் விசில்.
டால்ஃபின் இரண்டாகி மறுபடி ஒன்றானது.
'ஏழரை சென்டிமீட்டர்' என்று
நர்ஸ் ஜோசலினிடம் சொன்னார்
திரைச்சீலைக்கு அளவெடுத்த குரலில்.
நான் மன்னிப்புக் கேட்டேன்.
எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

அலுவலகத்தில் மைரா சொல்கிறாள்:
எனக்கு ஒன்றுமே தெரியலையே,
அன்றைக்குச் சாயங்காலம் நெட்பால் ஆடினேன்.
பொய் இல்லை. அவள் உடம்பு அவளுக்கு.
அவள் தங்கை மட்டும்
எழுந்த வேகத்தில் மயங்கி
நாற்காலி விளிம்பில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டாள்.
பல்லுக்கு ஊசி போட்டார்கள்.

கார் நிறுத்துமிடத்தில் சாய்மழை.
ஹீட்டரைப் போட்டுவிட்டு அரைமணி உட்கார்ந்திருந்தேன்.
பக்கத்துக் காரில் ஒருத்தி
ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்திருந்தாள்.
நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கினாள்.
'நீயுமா?'
ஒரு பார்லி மிட்டாயை மழைக்குள் நீட்டினாள்.
பெயர் கேட்டுக்கொள்ளவில்லை.
மிட்டாய் கரையும் வரை இருவரும் கிளம்பவில்லை.

பிறகு என் மருத்துவக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படித்தேன்.
கடைசி வரி:
'நன்றாகத் தாங்கிக்கொண்டார்.'

கன்றுகளின் பதிவேட்டில்
நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை
என்று இங்கே முடித்திருப்பேன்.
எழுதியிருக்கிறேன்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம்.
மருந்து தீர்ந்துபோன ஒரு சாயங்காலம்,
மிச்சம் பதினொரு கன்று,
இருட்டிக்கொண்டு வந்தது.
'அமைதியாக இருந்தன' என்று எழுதினேன்.
காதை மட்டும் பின்னால் மடக்கியிருந்தன.

நேற்று மெக்கெச்னி பண்ணை.
இருநூற்றுப் பன்னிரண்டாம் எண், வெள்ளை நெற்றி.
குத்திப் பார்த்தேன். தலையை இழுத்தது.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.
அடிவயிற்றில் ஒரு சுண்டல், இப்போதும் வந்து போகிறது.
'இன்னும் ஐந்து நிமிடம்' என்றேன்.
'மற்றதெல்லாம் நின்றுகொண்டிருக்கிறதே' என்றார்.
நிற்கட்டும்.

ஐந்து வருஷம் கழித்து இதை வெளியே எடுக்க வேண்டும்.
அப்போதும் இருமச் சொல்வார்களாம்.