எர்த்

தந்தியில் கைவைத்தால் அடங்குகிறது.
எடுத்தால் திரும்ப அதே இரைச்சல்.
அப்ப எர்த் உன்ர உடம்புதான் டிலானி, என்றேன்.
சிரிக்கவில்லை.
முகமாலையில் பகல் முழுக்க
காதுக்குள் கருவி இரையும் இடத்தில்
முழந்தாளிட்டு மண் சுரண்டுகிறவள்.

பிரிட்ஜைக் கழற்றினோம்.
கறுப்பு வயர்
ஈயம் விட்டுத் தனியே கிடந்தது.
சுரண்டிப் பற்றவைத்துப் பூட்டியும்
அம்பிளிபயரில் கொஞ்சம் முனகல்.
சுவர்ப் பிளக்கைத் திறந்தேன்.
பரந்தனில் கட்டிக்கொடுத்த வீட்டுத்திட்ட வீடு,
பச்சை வயர் எங்கேயும் போகவில்லை.

செப்புக் கம்பியும் சுத்தியலுமாய்
முற்றத்துக்கு இறங்கினேன்.
பொறு, என்றாள்.
டோர்ச் அடித்து, குந்தி,
கையகல மண்ணை
விரல் நுனியால் மெல்லத் தடவி,
கொஞ்சம் தள்ளி இன்னொரு கையகலம் தடவி,

இதில அடி.