நாக்குப் பூ

பூ அலங்காரத்துக்குக் குடியாத்தம் மண்டபத்துக்காரர் சொன்ன தொகைக்கு
இரண்டு பீரோ வாங்கலாம்.

ஷிஃப்ட் முடிந்து ஆம்பூரிலிருந்து
கடைசி பஸ்ஸில் வந்தார்கள் என் லைன் பெண்கள்,
லைனிங் துணியின் வெட்டுத்துண்டு ஒரு மூட்டையோடு.
ஷூ நாக்கு அளவுக்கு வெட்டுங்க,
அஞ்சு நாக்கு ஒரு பூ என்றாள் ஷகீரா.

காட்பாடியில் இறங்கி வந்த மாப்பிள்ளை வீட்டாருக்குக்
காப்பியோடு கத்தரிக்கோலும் கொடுத்தோம்.
நிச்சயத்தன்று என் வளையலைக்
கையாலேயே எடை போட்ட பவளக்கொடி அத்தை
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மூன்று மணிக்கு எண்ணினால்
நூற்றுப் பதினாறு.
ஒன்றில் மட்டும் ஆறு நாக்கு.

பிரிச்சிடவா?
'இருக்கட்டும்மா, என்னோடதுதான்.'
எடுத்துப் போய் வாசலில்
அத்தையே கட்டினார்,
வருகிறவர் நெற்றியிலெல்லாம் இடிக்கிற உயரத்தில்.