தாள் 11 / 14

இம்தியாஸ் வேலையை விட்டுப் போனபோது
மேசையில் ஒரு சால்டரிங் அயர்ன், பாதி பாக்கெட் ரஸ்க்,
கணினியில் பன்னிரண்டு தாள்கள்.
மாங்கூழ் காய்ச்சும் கலனின் சூட்டைக் கவனிக்கும்
ஒரு கை அகலப் பலகைக்கு வரைபடம்.
ஏழாம் தாளின் தலைப்பு: மற்றவை.

ஓசூர் சிப்காட் இரண்டாம் கட்டத்தில் மூன்று நாள் மழை.
நான் பெருக்கித் துடைக்க உட்கார்ந்தேன்.
மின்சாரம் நுழைவது இரண்டாம் தாளில்.
சிக்னல் இடமிருந்து வலமாகத்தான் போக வேண்டும்,
ஐந்து வோல்ட் தலைக்குமேல், கிரவுண்ட் காலடியில்.
முதல் தாளில் வெறும் பெட்டிகள்;
பெட்டியை இரண்டு முறை தட்டினால்
அதன் உள்வீடு திறக்கும்.
மற்றவையை மூன்றாகப் பிரித்ததில்
பன்னிரண்டு பதினான்கானது.

தாளின் ஓரத்தில் கம்பி நின்றுவிடும்.
ஒரு அம்புமுனை, அதன்மேல் ஒரு பெயர்.
வேறு தாளில் அதே பெயர் இருந்தால் அதே கம்பி.
நடுவே கோடு வேண்டாம்.
இதை நம்ப எனக்குச் சிரமமே இருக்கவில்லை.
ஜூஜுவாடியில் தமிழ்நாடு தீரும்,
கடைப்பலகைகளில் எழுத்து வேறாகும்,
சாலையோ நாற்பத்திநான்கு என்று தன் எண்ணைச் சொல்லி
அத்திப்பள்ளிக்குள் நடந்துகொண்டிருக்கும்.

இம்தியாஸ் பெயர் வைத்த விதம்தான் பிடிக்கவில்லை.
மோட்டார்_கரன்ட்_சென்ஸ்_கலக்கி_2.
கூட்ஸ் வண்டி மாதிரி ஒரு பெயர்,
பக்கத்து ரெசிஸ்டரின்மேல் ஏறிப் படுத்திருந்தது.
வெட்டினேன். சென்ஸ்.
தாள் மூச்சுவிட்டது.

என் முழுப்பெயர் சௌடேஸ்வரி.
ஆபீசில் ஈஸ்வரி.
ஸ்டோர்ஸிலும் ஒரு ஈஸ்வரி உண்டு;
அவளுடைய ஸ்கூட்டர் தவணைக்கு வங்கிக்காரன்
என்னைத்தான் திட்டுவான்.

மே மாதம். காவேரிப்பட்டணத்தில்
பெங்களூரா ஏற்றிய லாரிகள் ஆலை வாசலில் இரவெல்லாம்.
ஷிப்ட் பார்க்கும் திம்மராயன் போனில் கத்தினார்:
"கலக்கி ஓடுனா சூடு எகிறுதும்மா.
நிறுத்துனா இறங்குது. வெந்துதா வேகலையான்னு
கையை விட்டா பார்க்கிறது?"

மீட்டிங்கில் நான் சொன்னேன்:
பழைய டிசைன் சார். அவர் வரைந்தது அப்படி.
தலைகள் ஆடின.
அறையில் இல்லாதவர்மேல் எதுவும் ஒட்டும்.

அன்றிரவு பதினான்கையும் அச்செடுத்துத் தரையில் பரப்பினேன்.
ஃபேனை நிறுத்த வேண்டியிருந்தது.
வியர்வையோடு ஒவ்வொரு அம்புமுனைக்கும் ஜோடி தேடி
அலுத்துப்போய்க் கணினியிலேயே தட்டினேன்:
சென்ஸ்.
இரண்டு இடங்களில் மஞ்சள் எரிந்தது.
நான்காம் தாளில் அவருடையது, வெப்பமானிக்கு.
பதினோராம் தாளில் என்னுடையது.
மென்பொருள் எச்சரிக்கவில்லை.
பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று என்று
சத்தமில்லாமல் முடிச்சுப் போட்டிருந்தது.
வலது கீழ்மூலையில், சின்னக் கட்டத்தில்,
வரைந்தவர்: மு. சௌ.

விடிந்ததும் ஆலையில், பிளேடால்
ஒரு செம்புத் தடத்தை அறுத்தேன்.
நீல ஒயர் ஒன்றை வளைத்துப் பற்றவைத்தேன்.
திம்மராயன் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.
தொண்ணூற்றிரண்டு.
கலக்கி ஓடியது.
தொண்ணூற்றிரண்டு.
"ம்" என்றார். டீ சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில், சூளகிரி தாண்டும்போது,
அந்த நீண்ட பெயரை முழுதாக எழுதினேன்,
கலக்கி_2 வரைக்கும்.
மறுபடி ரெசிஸ்டர்மேல் ஏறியது.
ரெசிஸ்டரைத் தள்ளி வைத்தேன்.

திருத்தக் குறிப்புக்குக் கட்டத்தில் ஒரு வரிதான் இடம்.
பெயரைச் சுருக்கியது நான், இம்தியாஸ் அல்ல.
சேமித்தேன்.

மீட்டிங்கில் இருந்த ஒருவரும்
பதினோராம் தாள்வரை வருவதில்லை.